கையால செஞ்ச கிட்டார் ஆர்டர் பண்ணப் போறீங்களா, மரத்தைக் கடைசியா பேசுங்க

நீங்க கேட்டது இதுதான்: எட்டு வருஷமா ஒரே ஃபேக்டரி கிட்டார்ல ஃபிங்கர்ஸ்டைல், அதாவது பிக் இல்லாம விரலாலயே, வாசிக்கிறீங்க, இப்ப காசு சேர்த்துட்டீங்க, ஒரு லூதியர்கிட்ட, அதாவது கையால கிட்டார் செய்யறவர்கிட்ட, சொல்லி உங்களுக்குன்னே ஒரு அகூஸ்டிக் செய்யணும், டாப்புக்கு, அதாவது முன்பக்கப் பலகைக்கு, ஸ்ப்ரூஸா சீடரா, பேக்குக்கு ரோஸ்வுட்டா மஹோகனியா, கிட்டார் கைக்கு வந்ததும் அதை எப்படிப் பழக்கணும், பழசை வித்துடலாமா. கேள்வியில முக்கால்வாசி மரம்தான் இருக்கு. நான் ரெண்டு தடவை இப்படி ஆர்டர் குடுத்து வாங்கியிருக்கேன், முதல் தடவை நானும் மரத்தைத்தான் கேட்டுட்டுப் போனேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல் கிட்டார் பார்க்க அவ்வளவு அழகு. நான் கேட்ட ஸ்ப்ரூஸ், நான் கேட்ட ரோஸ்வுட், நடு ஓட்டையைச் சுத்தி நான் கேட்ட ரோசெட் அலங்காரம், ஒண்ணு விடாம அப்படியே செஞ்சு குடுத்தார். ஆனா நட் அகலம், அதாவது நெக்கோட தலைப் பக்கம் கம்பிகள் உட்கார்ற பட்டையோட அகலம், 43 மி.மீ. வச்சுட்டார், ஏன்னா நான் அதைப் பத்தி வாயே திறக்கல, அவரும் கேட்கல. எனக்கு விரல் கொஞ்சம் தடி, ரெண்டாவது ஃப்ரெட்ல (நெக்ல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) ஏ கார்டு பிடிச்சா பக்கத்துக் கம்பி செத்துப் போகும். அதை விட முக்கியம், அவர் வழக்கமா பிக் வச்சு பலமா ஸ்ட்ரம் பண்றவங்களுக்கு செய்யறவர், அதனால டாப்பும் அதுக்கு அடியில தாங்கலா ஒட்டுற பிரேஸ் கட்டைகளும் அதுக்குத் தகுந்த கனத்துல இருந்துச்சு, நான் நகத்தால மெதுவா மீட்டுறவன், எவ்வளவு மீட்டினாலும் உள்ளுக்குள்ளயே ஏதோ அடைஞ்சு கிடக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒன்றரை வருஷம் வாசிச்சேன். அப்புறம் ஸ்ட்ரம் பண்ற ஒரு நண்பர் கைக்குப் போச்சு, அவர் கையில அது பாடுச்சு பாருங்க, அன்னிக்குத்தான் புரிஞ்சது கிட்டார்ல தப்பு எதுவும் இல்ல, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லலைன்னு.

கையால செய்யறவர் தர்ற விசேஷம் எங்க இருக்குன்னு தெரிஞ்சா எதைப் பேசணும்னு தானா புரியும். ஒரு லைட் கேஜ் செட் கம்பி, அதாவது 12 முதல் 53 வரைக்கும் போற செட், முழு டியூனிங்ல 70 கிலோவுக்கு மேல இழுக்கும். அந்த இழுவையை பல வருஷம் தாங்கணும், அதே சமயம் ஒரு விரல் நுனி தொட்டாலும் அதிரணும், இந்த ரெண்டையும் ஏறத்தாழ 3 மி.மீ. கனத்துல இருக்கிற ஒரு பலகை செய்யணும். ஃபேக்டரியில எல்லாப் பலகையையும் ஒரே கனத்துக்கு மிஷின்ல தேய்ச்சுடுவாங்க. ஆனா ஒரே மரத்துல அடுத்தடுத்து அறுத்த ரெண்டு பலகை கூட ஒரே விறைப்புல இருக்காது. ஃபேக்டரி எந்தப் பலகை வந்தாலும் டாப் வளைஞ்சு திரும்பி வரக்கூடாதுன்னு கொஞ்சம் கனமாவே விடுவாங்க, அவங்க நிலைமைக்கு அது நியாயம்தான். தனியா செய்யறவர் பலகையைக் கையில எடுத்து வளைச்சுப் பார்ப்பார், தட்டிக் கேட்பார், சில பேர் எடை வச்சு எவ்வளவு வளையுதுன்னு அளந்தே பார்ப்பாங்க, அந்தப் பலகைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் விடுவார். இதுல சின்ன மாற்றம் பெரிசா பேசும்: பலகையோட விறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்கத்துல போகுது, அதனால 3 மி.மீ.ல இருந்து 2.7க்கு இறக்கினா, பத்துல ஒரு பங்குதான் கனம் குறைஞ்சிருக்கு, விறைப்புல நாலுல ஒரு பங்குக்கு மேலயே குறைஞ்சுடும். பிரேசோட உயரத்துக்கும் இதே கணக்குதான், ஒரு மி.மீ. சீவினா வேற கிட்டார் ஆயிடும். இந்த முடிவை எல்லாம் அவர் யாருக்காக எடுக்கிறார், உங்க வலது கைக்காக. அந்தக் கை எப்படின்னு தெரியலைன்னா அவர் தன் பழக்கப்படி நடுவுல எங்கயோ நிறுத்துவார், எனக்கு நடந்தது அதுதான்.

டாப்தான் முக்கியம்னு சொல்றது இன்னிக்கு நேத்து வந்த பேச்சு இல்ல. இன்னிக்கு நாம பார்க்கிற கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் குடுத்த அன்டோனியோ டி டோரஸ், 1862ல பேக்கையும் சைடையும் காகிதக் கூழ் அட்டையில செஞ்சு, டாப்பை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ்ல வச்சு ஒரு கிட்டார் செஞ்சு காட்டினார். இந்தக் காலத்துலயும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க, 2018ல வெளிவந்த ஒரு ஆய்வுல, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்து செஞ்சது, பேக் சைடு மரம் மட்டும் மாத்தி மத்த எல்லாத்தையும் முடிஞ்சவரைக்கும் ஒரே மாதிரி வச்சு 6 ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார் செஞ்சாங்க, 52 கிட்டாரிஸ்ட்கள் மரம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி இருண்ட கண்ணாடி போட்டுட்டு வாசிச்சாங்க. விலை கூடின அரிய மரத்துக்கும் சாதாரண மரத்துக்கும் அவங்க குடுத்த மார்க்ல பெரிய வித்தியாசம் எதுவும் வரல, எது எதுன்னு பிரிச்சுச் சொல்றதும் கஷ்டமா இருந்துச்சு. இதைப் படிச்சுட்டு மரமே வேண்டாம்னு நான் சொல்லல. எனக்கு ரோஸ்வுட் பிடிக்கும், மடியில வச்சா அந்தக் கரு நிற வரிகளைப் பார்க்கிறதே ஒரு சந்தோஷம், ஈட்டி மரம்னு நாம சொல்றதும் இதைத்தான். ஆனா உங்க பணத்துலயும் பேச்சுலயும் பெரும்பங்கை அதுக்குக் குடுக்காதீங்க.

சரி, அப்ப என்ன பேசணும். முதல்ல இப்ப கையில இருக்கிற கிட்டாரை அளங்க, ஒரு டிஜிட்டல் காலிப்பர் போதும். நட் அகலம், பிரிட்ஜ் பக்கம், அதாவது உடம்புல கம்பியை மாட்டுற கட்டைப் பக்கம், முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவுல இடைவெளி, முதல் ஃப்ரெட்லயும் ஒன்பதாவது ஃப்ரெட்லயும் நெக் எவ்வளவு கனம், பன்னிரண்டாவது ஃப்ரெட்ல கம்பி ஃப்ரெட்டுக்கு மேல நிக்கிற உயரம், அதாவது ஆக்‌ஷன் எவ்வளவு, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கங்க. அப்புறம் கிடைக்கிற கிட்டார் எல்லாம் வாங்கி வாசிச்சுப் பாருங்க, கைக்கு இதமா இருக்கிற ஒவ்வொண்ணையும் அளங்க. பத்து கிட்டார் அளந்தா உங்க கைக்கு எது பிடிக்குதுன்னு நம்பரே சொல்லும். ஃபிங்கர்ஸ்டைல்காரங்க நிறைய பேர் 44.5 மி.மீ. நட்ல நிம்மதியா இருப்பாங்க, சில பேருக்கு 46, 47 கூட வேணும், கிளாசிக்கல்ல இருந்து வர்றவங்களுக்கு 52 பழகியிருக்கும். அரை மி.மீ. என்ன பெரிசுன்னு தோணும், விரல் அதை உடனே கண்டுபிடிச்சுடும். நட் அகலத்தை மட்டும் சொல்லிட்டு பிரிட்ஜ் பக்க இடைவெளியை மறந்துடாதீங்க, வலது கை விரல்கள் நாள் முழுக்க குடியிருக்கிறது அங்கதான், 54ல இருந்து 58 வரைக்கும் வைப்பாங்க, எனக்கு 57க்குக் கீழ போனா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இடிச்சுக்கும்.

ஸ்கேல் லெங்த் அடுத்தது, நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் அதிரற கம்பியோட நீளம். ஸ்டீல் ஸ்ட்ரிங்ல ரெண்டு அளவு ரொம்ப வழக்கம், 645 மி.மீ.யும் 632 மி.மீ.யும். அதே கம்பி, அதே சுருதி, 632ல இழுவை ஏறத்தாழ 4 சதவீதம் குறையும், பெண்ட் பண்ணவும் விரல் விரிச்சு கார்டு பிடிக்கவும் சுலபம். ஆனா நீங்க கம்பியை இறக்கி டியூன் பண்றவரா இருந்தா, டாட்காட் (DADGAD) மாதிரி டியூனிங் அதிகம் வாசிப்பீங்கன்னா, நீள ஸ்கேல் வாங்குங்க, இல்லன்னா தடிச்ச பேஸ் கம்பி தொளதொளன்னு அடிக்கும். நீங்க வழக்கமா போடுற கம்பி எந்த கேஜ், எந்த டியூனிங்ல எவ்வளவு நேரம் வாசிப்பீங்க, இது ரெண்டையும் கட்டாயம் சொல்லுங்க, ஏன்னா அவர் டாப்பை சீவுறதே அந்த இழுவையை மனசுல வச்சுத்தான். இடது கையால மீட்டுறவரா இருந்தா அதையும் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, கம்பியைத் திருப்பிப் போட்டா மட்டும் முடியாது, உள்ளே பிரேசே கண்ணாடியில பார்த்த மாதிரி மாறி வரணும்.

சத்தத்தைப் பத்தி பேசுறதுதான் இருக்கிறதுலயே கஷ்டம். வார்மா வேணும், பிரைட்டா வேணும்னு சொன்னா ஒவ்வொருத்தர் காதுல ஒவ்வொண்ணு விழும். நான் ரெண்டாவது தடவை வார்த்தையை விட்டுட்டேன். என் பழைய கிட்டாரை எடுத்துட்டுப் போயி அவர் எதிர்ல உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிச்சேன், எந்த இடத்துல எனக்குக் குறையா படுதோ அங்க நிறுத்திக் காட்டினேன், இந்த மெல்லிய கம்பி நோட் மெலிஞ்சு போகுது, இந்த பேஸ் நோட் அடுத்த பார் வரைக்கும் இழுத்துட்டு வந்து மேல இருக்கிற ட்யூனை மூடுதுன்னு. அவர் என் முகத்தையே பார்க்கல, வலது கையை மட்டும் பார்த்துட்டு இருந்தார். அப்புறம் அவர் செஞ்ச மூணு கிட்டாரைக் குடுத்து வாசிக்கச் சொன்னார், ஒவ்வொண்ணுலயும் எது பிடிக்குது எது பிடிக்கலைன்னு கேட்டு எழுதிக்கிட்டார். நேர்ல போக முடியலைன்னா கை நல்லா தெரியற மாதிரி வீடியோ எடுத்து அனுப்புங்க, சத்தத்துல எஃபெக்ட் எதுவும் சேர்க்காம. ஒருத்தர் செஞ்ச கிட்டார் எதையும் தொட்டுப் பார்க்காம அவருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க, அவர் செய்யற எல்லாக் கிட்டார்லயும் அவரோட காது இருக்கும், அந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்கலைன்னா எந்த மரம் போட்டாலும் மாறாது. இன்னொருத்தர் செஞ்ச கிட்டார் மாதிரியே வேணும்னு கேட்கிறதும் வீண், அந்த இன்னொருத்தர்கிட்டயே போயிடலாம்.

வாசிக்கிறவங்க தங்களுக்கு எங்க இடிக்குதுன்னு தெளிவா சொன்னதுல இருந்து புது உருவங்களே பிறந்திருக்கு. இன்னிக்கு ஃபிங்கர்ஸ்டைல்காரங்க அதிகமா கேட்கிற ஓஎம் (OM) உடம்பு வடிவம் இருக்கே, 1929ல பெர்ரி பெக்டெல்னு ஒரு பேஞ்சோ கலைஞர் மார்ட்டின் கம்பெனிகிட்ட எனக்கு மேல் ஃப்ரெட் வரைக்கும் கை போகணும், நெக் நீளமா வேணும்னு கேட்டதுல வந்தது, 12 ஃப்ரெட்ல உடம்பைத் தொட்டுட்டு இருந்த நெக் 14க்குப் போனது அப்பதான். ஜாஸ் கிட்டாரிஸ்ட் பாட் மெத்தினிக்காக லிண்டா மேன்ஸர்னு ஒரு லூதியர் 1984ல 42 கம்பியோட செஞ்ச பிகாஸோ கிட்டாரும் அப்படித்தான், அத்தனை கம்பியையும் வாசிக்கிறவர் மேல இருந்து பார்க்கணுமேன்னு மேல் பக்கம் ஒல்லியா கீழ்ப் பக்கம் அகலமா உடம்பை ஆப்பு மாதிரி சாய்ச்சார், அந்த வெட்ஜ் வடிவத்தை இப்ப தோள் வலிக்காரங்க எத்தனையோ பேர் கேட்டு வாங்குறாங்க. உங்களுக்கும் தோள்லயோ முழங்கை ஓரத்துலயோ வலி இருந்தா வெட்கப்படாம சொல்லுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல வலியில்லாம வாசிக்க முடியறதை விட பெரிய அலங்காரம் எதுவும் கிடையாது.

மரத்துக்கு வர்றேன். டாப்ல சீடர் சீக்கிரம் வாய் திறக்கும், மெதுவா தொட்டாலே முழுசா பேசும், ஆனா பலமா அடிச்சா ஒரு எல்லைக்கு மேல ஏறாம கலங்கிடும். ஸ்ப்ரூஸ் இன்னும் கொஞ்சம் கை கேட்கும், குடுத்தா குடுத்த அளவுக்கு ஏறும். நீங்க எப்பவும் மெதுவாத்தான் மீட்டுவீங்கன்னா சீடர், மெதுவாவும் பலமாவும் மாறி மாறி போவீங்கன்னா ஸ்ப்ரூஸ். இதுவும் செய்யறவர் கையைப் பொறுத்தது, அவருக்கு எந்த மரம் பழக்கமோ அதுலதான் அவர் சிறப்பா செய்வார், அவர் சொல்றதைக் கேளுங்க. பேக் சைடுக்கு பிரேசிலியன் ரோஸ்வுட் கேட்கணும்னு ஆசை இருந்தா விட்டுடுங்க, 1992ல இருந்து அழியற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு, ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போறதே பெரும்பாடு. மத்த ரோஸ்வுட் வகைகளும் 2017ல இருந்து ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் 2019 நவம்பர்ல இருந்து விலக்கு உண்டு.

பணம், காத்திருப்பு பத்தி சுருக்கமா. எத்தனை தவணை, எந்தக் கட்டத்துல எவ்வளவு, எனக்குப் பிடிக்கலைன்னா என்ன பண்றது, நெக் ஆங்கிள் பிற்காலத்துல மாறினா யார் சரி பண்றது, எல்லாம் எழுத்துல இருக்கட்டும். நெக்கை போல்ட் வச்சு மாட்டுறாரா, டவ்டெயில் பண்ணி, அதாவது மரத்துலயே கோர்வை வெட்டி, ஒட்டுறாரான்னு கேட்டுக்கங்க. நல்லா செஞ்சா ரெண்டும் நல்லா ஒலிக்கும், ஆனா இருபது வருஷம் கழிச்சு நெக் ரீசெட், அதாவது நெக்கைக் கழட்டி ஆங்கிளைச் சரி பண்ணி மாட்டுறது, பண்ணும்போது போல்ட் நெக்னா வேலை எவ்வளவோ சுலபம். வருஷக் கணக்குல காத்திருக்க வேண்டி வரும், அதுக்கு நடுவுல புதுசா எதையாவது கேட்டுட்டு மனசை மாத்தி அவருக்கு மெசேஜ் அனுப்பாதீங்க, டாப் ஒட்டினதுக்கப்புறம் மாத்த முடியாதது நிறைய இருக்கு.

இப்ப கிட்டார் வந்துடுச்சுன்னு வைங்க. தூரத்துல இருந்து வந்திருந்தா கேஸை உடனே திறக்காதீங்க, ஒரு நாள் அப்படியே விடுங்க, உள்ளே இருக்கிற காத்து மெதுவா உங்க அறைக்குப் பழகட்டும். ஈரப்பதம் அளக்கிற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு கேஸுக்குள்ளயே போட்டு வைங்க. 45ல இருந்து 50 சதவீத ஈரப்பதத்துலதான் பெரும்பாலும் செஞ்சிருப்பாங்க, அதை ஒட்டியே இருந்தா நல்லது. ரொம்ப காய்ஞ்சா டாப் உள்வாங்கும், ஆக்‌ஷன் இறங்கி கம்பி ஃப்ரெட்ல தட்டும், ஃப்ரெட் ஓரம் கைல குத்தும், இன்னும் காய்ஞ்சா பலகை வெடிக்கும். ஈரம் ஏறினா டாப் உப்பும், ஆக்‌ஷன் உயரும், சத்தம் மந்தமாகும். புது கிட்டார் சத்தம் கெட்டுப் போச்சேன்னு பதறுறவங்கள்ல நிறைய பேருக்கு நிஜக் காரணம் இந்த ஈரம்தான். முதல் சில வாரம் நெக் அந்த இழுவைக்குப் பழகிட்டு இருக்கும், ஆக்‌ஷன் கொஞ்சம் மாறும், அது பழுது இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு செஞ்சவர்கிட்டயே ஒரு தடவை செட்டப் பண்ணிக்கங்க. ஃபிரெஞ்ச் பாலிஷ், அதாவது அரக்குப் பூச்சுன்னா வேர்வை படற இடத்துல மெல்லிய துணி போட்டு வாசிங்க. நைட்ரோ லேக்கர் பூச்சுன்னா சில ஸ்டாண்டுல இருக்கிற ரப்பர் பட்டு பூச்சு இளகிடும், அதுல கவனம்.

வாசிக்கிறதுல பெரிய மாற்றம் வலது கையிலதான். எட்டு வருஷமா கனமான டாப்பை எழுப்புறதுக்கு உங்க விரல் தன்னையறியாம பலமா மீட்டப் பழகியிருக்கும். அதே பலத்தோட லேசான டாப்ல மீட்டினா கம்பி ஃப்ரெட்ல அடிக்கும், சத்தம் தட்டையா வரும், உடனே ஆக்‌ஷனை ஏத்தணும்னு தோணும். ஏத்தாதீங்க, முதல் ரெண்டு வாரம் தெரிஞ்ச பீஸ் எதையும் வாசிக்காம வெறும் ஓப்பன் கம்பியை மெதுவா, இன்னும் மெதுவான்னு மீட்டிப் பாருங்க, எந்த இடத்துல சத்தம் முழுசா இருந்தும் விரல்ல பலமே இல்லையோ அந்த இடத்தைப் பிடிச்சுக்கங்க, மத்ததெல்லாம் அங்க இருந்து மேல ஏறட்டும். எனக்கு இதுக்கு ஒரு மாசம் ஆச்சு. அந்த மாசம் முழுக்க என் பழைய தப்பெல்லாம் வெளிய தெரிஞ்சுது, சீக்கிரம் எடுத்துடுற விரல், பேஸ் கம்பியில சறுக்கும்போது வர்ற கீச்சு, நகம் ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கிறது, எல்லாத்தையும் கிட்டார் அப்படியே சொல்லிடும்.

இன்னொண்ணு, ஒவ்வொரு நோட்டா ஃப்ரெட் ஃப்ரெட்டா வாசிச்சுக் கேளுங்க. லேசா செஞ்ச கிட்டார்ல ஒண்ணு ரெண்டு நோட் மட்டும் டப்புன்னு பெரிசா எழும்பி சீக்கிரம் அடங்கும், பெரும்பாலும் ஆறாவது கம்பியில மூணாவது ஃப்ரெட் ஜி பக்கத்துல, 98 ஹெர்ட்ஸ் அது, உள்ளே இருக்கிற காத்து தானா அதிரற இடம் அதை ஒட்டித்தான் இருக்கும். அது எந்த நோட்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அங்க கட்டைவிரலைக் கொஞ்சம் தணிச்சுக்கங்க, தாங்க முடியாத அளவுக்கு இருந்தா மட்டும் செஞ்சவர்கிட்ட சொல்லுங்க.

வாசிக்க வாசிக்க சத்தம் திறக்கும்னு சொல்றாங்களே, உண்மையான்னு கேட்பீங்க. முதல் சில மாசத்துல மாறுது, நான் ரெண்டு கிட்டார்லயும் கேட்டேன். பூச்சு இன்னும் இறுகும், பிரேஸ் இழுவைக்கு அடங்கும், அதோட உங்க கையும் அதைக் கத்துக்குது, இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால வந்த அன்னிக்கே ஒரு பீஸை ஒரே இடத்துல ஒரே மைக்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதே மாதிரி திரும்ப எடுங்க.

பழைய கிட்டாரை வித்துடலாமான்னு கடைசியா கேட்டிருந்தீங்க. ஆறு மாசமாவது வச்சுக்கங்க. புதுசுல ஏதாவது சரியில்லன்னு தோணும்போதெல்லாம் அதை எடுத்து அஞ்சு நிமிஷம் வாசிங்க, பல நாள் பிரச்சினை பழைய கம்பியிலயோ அன்னிக்கு அறையில இருந்த ஈரத்துலயோதான் இருக்கும், ரெண்டு கிட்டாரும் சேர்ந்தே மந்தமா இருக்கும். புதுசு மட்டும் மந்தமா இருந்தா அப்ப செஞ்சவருக்கு ஃபோன் பண்ணுங்க.